நான்காவது பாவம்

பூசை தொடங்கிச் சில நிமிடங்களிலேயே நாங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். நினைத்ததற்கும் சொன்னதற்கும் செய்ததற்கும் மன்னிப்புக் கேட்ட அதே மூச்சில், நான்காவதாக, செய்யாமல் விட்டதற்கும் கேட்கிறோம். முதல் மூன்றையும் சொல்லும்போது ஏதாவது ஒன்று ஞாபகத்துக்கு வரும். கோபத்தில் வீசிய ஒரு சொல், பொறாமையில் கழிந்த ஒரு பின்னேரம். நான்காவதைச் சொல்லும்போது ஒன்றும் வருவதில்லை. செய்யாத காரியத்துக்கு முகம் இல்லை, தேதி இல்லை. நெஞ்சில் தட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். அங்கிலிக்கன் சபையாரின் பழைய செபப் புத்தகத்தில் இந்த ஒழுங்கு மாறியிருக்கிறது. அங்கே செய்யாமல் விட்டவை முதலில் வருகின்றன, செய்தவை பிறகு. அதுதான் சரியான ஒழுங்கு என்று இப்போது எனக்குப் படுகிறது.

இந்தத் தவக்காலத்தில் அந்த நான்காவதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன். இது என் ஒருத்தியின் கணக்கு அல்ல. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடிகளில் இருந்துகொண்டு, காலி வீதியைத் தாண்டாமலே ஒரு வாரத்தை முடித்துவிடக்கூடிய தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய எங்கள் எல்லோருடைய கணக்கும் இதுதான். கொட்டாஞ்சேனை எங்களிடமிருந்து ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர் தூரம். அந்தப் பத்துக் கிலோமீற்றரைத் தாண்டாமல் நாங்கள் பல வருடங்களைக் கழித்திருக்கிறோம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை 8.45 மணியளவில் கொட்டாஞ்சேனையில் உள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் பூசை நடந்துகொண்டிருந்தபோது குண்டு வெடித்தது. அதே காலையில் நீர்கொழும்பு கட்டுவப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் வெடித்தது. நாடு முழுவதும் 260 பேருக்கு மேல் இறந்தார்கள். காயப்பட்டவர்கள் ஏறத்தாழ 500 பேர். கொச்சிக்கடையில் இறந்தவர்களில் தமிழர் பலர். துறைமுகத்தில் சுமை தூக்குபவர்கள், புறக்கோட்டைக் கடைகளில் நிற்பவர்கள், மலையகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து ஓர் அறையில் ஐந்து பேராக இருப்பவர்கள், எங்களைப் போன்றவர்களின் வீடுகளில் சமைத்துக் கழுவிக் கொடுப்பவர்கள். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் வருகிற சனம் இதுதான். இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் அவர்களோடு அந்த வரிசையில் நிற்பார்கள்.

அடுத்த ஞாயிறு தேவாலயங்கள் திறக்கப்படவில்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். வரவேற்பறையில் முழந்தாளிட்டோம், அழுதோம். அந்த அழுகை பொய் அல்ல. பிறகு காசு சேர்த்தோம். அரிசி, பருப்பு, பால்மா என்று பொதி கட்டினோம். மாதம்பிட்டி மயானத்துக்குச் சிலர் போனார்கள். கடற்படையினர் திருத்தலத்தைத் திருத்திக் கட்டினார்கள். ஜூன் 12ஆம் திகதி, திருவிழாவுக்கு முதல்நாள், அது மீண்டும் திறக்கப்பட்டது. நாங்கள் போய்ப் பார்த்தோம், மெழுகுதிரி கொளுத்தினோம், படம் எடுத்தோம். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் 21 அன்று காலை 8.45க்கு, எழுந்து நின்று மௌனம் காத்தோம்.

எங்கள் கணக்கில் வரவுப் பக்கம் அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்த அக்கா ஒருவர் இருந்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில் குடியிருந்தவர். அந்த ஞாயிறு காலை அவர் தங்கையோடு கொச்சிக்கடைப் பூசைக்குப் போயிருந்தார். தங்கை திரும்பி வரவில்லை. அக்காவின் காலில் இரும்புத் துண்டுகள் பாய்ந்திருந்தன. எடுக்கக்கூடியவற்றை எடுத்தார்கள். நரம்புக்குப் பக்கத்தில் கிடந்த இரண்டை அப்படியே விடுவதுதான் நல்லது என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் மாதம் அவருடைய சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டாவது மாதம் வேறொருவரை வேலைக்கு ஒழுங்குசெய்தோம். மூன்றாவது மாதக் கடைசியில் அவரே திரும்பி வந்தார், வேலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு. இருக்கிறது என்று சொன்னபோது ஏதோ தர்மம் செய்ததாக எங்களுக்கு ஓர் எண்ணம் இருந்தது. இடையில் விட்டுப்போன இரண்டு மாதச் சம்பளத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் கதைக்கவில்லை. லிப்ட் பழுதான நாட்களில் நாலு மாடியும் படியால் ஏறி வருவார். பிந்தி வந்தால் ஏன் பிந்தியது என்று கேட்டிருக்கிறேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டது எத்தனை தரம்? இரண்டு விரலை மடக்க முடியுமா என்பதே சந்தேகம்.

ஒருநாள் அவர் சமையலறையில் இருந்து அழுதுகொண்டிருந்தார். தங்கையின் மகள் பாடசாலைக்குப் போகமாட்டேன் என்கிறாளாம், கூட்டம் கண்டால் நடுங்குகிறாளாம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “கடவுள் பாத்துக்கொள்ளுவார், யோசியாதேங்கோ அக்கா” என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமா டீச்சர், அந்தோனியாரு பாத்துக்குவாரு” என்றார். இருவரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னோம். பல மாதங்கள் கழித்துத்தான் அந்த இரண்டுக்கும் இருந்த தூரம் எனக்கு உறைத்தது. அவர் வாயில் அது விசுவாசம். தன் கையில் ஒன்றும் இல்லாத ஒருவர், எல்லாம் உள்ள ஒருவரின் கையில் தன் பிள்ளையை வைத்துவிட்டு எழுந்து மீன் கழுவப் போனார். என் வாயில் அது கதவைச் சாத்தும் சத்தம். என் கையில் நேரம் இருந்தது. நான் ஓர் ஆசிரியை, பிள்ளைகளோடு பழகத் தெரிந்தவள். அந்தப் பிள்ளையோடு கிழமைக்கு ஒரு மணித்தியாலம் இருந்திருக்கலாம். நான் செய்திருக்க வேண்டியதை நித்திய கடவுளின் தலையில் வைத்துவிட்டு எழுந்துபோனேன்.

இது என்னுடைய குணம் மட்டும் அல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் செபக்கூட்டங்களில், செத்தவீடுகளில், வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளில் இந்த வசனம் ஒரு நாளைக்கு எத்தனை தரம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். தனியாக இருக்கும் தகப்பனுக்கு ரொறன்ரோவிலிருந்து மகன் சொல்கிறார். அந்தத் தகப்பனுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் நாங்களும் சொல்கிறோம். எல்லோரும் சொல்லி முடிந்தபின் அவருக்கு இராச்சாப்பாடு கொடுக்க ஆள் இல்லை.

எங்கள் அடக்கச் சடங்குகளில் 90ஆம் திருப்பாடலை அடிக்கடி வாசிக்கிறோம். மோசேயின் செபம் என்று தலைப்பிட்ட பாடல் அது. கடவுளை மலைகளுக்கும் முந்தியவராக நிறுத்தி, மனிதரை வெயிலில் காய்ந்துபோகும் புல்லுக்கு ஒப்பிடுகிறது. மனிதர் நிலையற்றவர், கடவுள் நிலையானவர். இந்த இரண்டையும் நாங்கள் நன்றாகக் கற்றுக்கொண்டோம், ஒவ்வொரு விபூதிப் புதனிலும் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு கற்றதைப் புதுப்பிக்கிறோம். ஆனால் அந்தப் பாடலை முடிவுவரை காதால் கேட்டவர்கள் எத்தனை பேர்? அது நித்தியத்தில் தொடங்கி மனிதரின் கையில் வந்து முடிகிறது. கடைசி வேண்டுதல், எங்கள் கைகள் செய்யும் வேலையை நிலைக்கச் செய்யும்படி. புல்லாகிய மனிதர், தம் கைவேலைக்கு நித்தியரின் கையெழுத்தைக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பதற்கு முதலில் கை ஏதாவது வேலை செய்திருக்க வேண்டும். கொட்டாஞ்சேனைக்காக எங்கள் கைகள் செய்த எந்த வேலையை நிலைக்கச் செய்யும்படி நாங்கள் கேட்பது?

இனிமேல் எழுதப்போவது எனக்குக் கஷ்டமான பகுதி.

அந்த உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றிய வழக்கில் 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏழு நீதியரசர்கள் கொண்ட அமர்வு. தாக்குதல் நடக்கப்போகிறது என்று 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து புலனாய்வுத் தகவல் வந்திருந்தது. அதற்கும் தாக்குதலுக்கும் இடையில் பதினேழு நாட்கள் இருந்தன. தடுக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை. அதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் கண்டது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. பொலிஸ்மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் ஆளுக்கு 75 மில்லியன், பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 50 மில்லியன், தேசிய புலனாய்வுத் தலைவராக இருந்த சிசிர மெண்டிஸ் 10 மில்லியன்.

அன்றைக்கு எங்களுக்குப் பெரிய ஆறுதல். சரியான தீர்ப்பு என்று இன்றும் சொல்வேன். தாக்குதலுக்குப் பின்னால் இன்னும் யார் இருந்தார்கள் என்ற கேள்வியை விடக்கூடாது என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் இவர்கள்மேல் வந்த குற்றம் என்ன என்று பாருங்கள். இவர்கள் குண்டு வைக்கவில்லை. கத்தி எடுக்கவில்லை. தெரிந்திருந்தும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்தார்கள். நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அங்கே விசாரித்தது அந்த நான்காவது பாவத்தைத்தான்.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இடப்பக்கம் நிறுத்தப்படுகிறவர்களும் அப்படித்தான். களவு, கொலை, விபசாரம் என்று ஒரு குற்றமும் அவர்கள்மேல் வாசிக்கப்படவில்லை. பசித்தவனுக்குக் கொடுக்கவில்லை, நோயாளியைப் பார்க்கப் போகவில்லை, அவ்வளவுதான். அவர்கள் மன்றாடுவதும் எங்களுடைய குரலில்தான்: எப்போது உம்மைக் கண்டோம்? நாங்கள் கண்டோம். கிழமைக்கு ஆறு நாள் அவர் நாலு மாடி ஏறி வந்தார்.

முழுவதும் சொல்வதென்றால், நாங்கள் செய்யாமல் விட்டது எங்கள் ஆட்களுக்கு மட்டும் அல்ல.

2019 மே 13ஆம் திகதி வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாத்தாண்டிப் பக்கத்தில் ஒரு மனிதர் வெட்டிக் கொல்லப்பட்டார். கொழும்பில் எங்கள் அயலவர்களான முஸ்லிம் பெண்களின் பைகளைக் கடைவாசல்களில் மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு நேரம் கிண்டினார்கள். நாங்கள் வரிசையில் பின்னால் நின்று பார்த்தோம். எங்களுக்குத் தெரியாததா அது? 1983 ஜூலையில் வெள்ளவத்தை எரிந்தபோது, யாரோ எங்கோ செய்ததற்காகத்தான் எங்கள் கதவுகள் உடைந்தன. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 370 பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பை விட்டு அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. தமிழர் என்பது மட்டுமே அவர்கள் செய்த குற்றம். அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு சோதனைச்சாவடியில் நின்ற கைகள் எங்களுடையவை. அந்தக் கைகளில் ஒன்றாவது கடைவாசலில் முன்னால் நின்ற அந்த முஸ்லிம் பெண்ணின் தோளைத் தொட்டு, “நான் உங்களோட நிக்கிறன்” என்று சொல்லியிருக்க வேண்டும். 2020இலும் 2021 தொடக்கத்திலும் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் குடும்பத்தின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். உடல் மண்ணுக்குத் திரும்பி ஒருநாள் உயிர்க்கும் என்று நம்புகிற எங்களில் குரல் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் செபித்தோம். மெதுவாகச் செபித்தோம், யாருக்கும் கேட்காமல்.

இன்னும் ஒன்று. 1995 ஜூலை 9ஆம் திகதி யாழ்ப்பாணத்து நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மேல் விமானக் குண்டு விழுந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1999 நவம்பரில் மடுத் திருத்தலத்தில் எறிகணை விழுந்தது. அந்தப் போர்க்காலத்தில் கொழும்பில் பயம் இருந்தது, அது உண்மை. ஆனால் பயம் போன பிறகும், ஏப்ரல் 21க்கு எழுந்து நிற்கும் நாங்கள் ஜூலை 9க்கு எழுந்து நிற்கவில்லை. இறந்தவர்களை நினைப்பதிலும் எங்களுக்கு இடம், காலம், வசதி எல்லாம் பொருந்திவர வேண்டியிருக்கிறது.

கடவுள் மறக்கமாட்டார். இதை நான் இன்றும் நம்புகிறேன், முன்பைவிடக் கெட்டியாக நம்புகிறேன். மனிதரின் ஞாபகம் எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதைக் கண்ட பிறகு, காயாத ஞாபகம் ஒன்று இருக்கிறது என்பது இல்லாமல் வாழ முடியாது. எங்கள் பிழை அந்த விசுவாசத்தில் இல்லை. அவர் மறக்கமாட்டார் என்பதை, நாங்கள் மறந்துவிடலாம் என்ற அனுமதிச்சீட்டாக எடுத்துக்கொண்டோமே, பிழை அதில்தான். இறந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தாக்குதலில் இறந்த கத்தோலிக்கர் 167 பேரின் பெயர்களை வத்திக்கான் விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் சேர்த்திருப்பதாகக் கர்தினால் 2025 ஏப்ரல் 21 அன்று அறிவித்தார். நல்ல செய்தி. அந்தப் பெயர்கள் ரோமில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அதே பூசையில் நின்று காயத்தோடு உயிர் தப்பியவர்களில் ஐந்து பேரின் பெயரைச் சொல்லுங்கள் என்று எங்களில் யாரையாவது கேட்டால், விழிப்போம். கொழும்பு உயர்மறைமாவட்டத்தின் சமூக சேவை நிறுவனமான ‘சேத் சரண’ அவர்களைப் பார்த்தது, உதவியது, பிள்ளைகளுக்கு உளவளத் துணை கொடுத்தது. அவர்கள் செய்கிறார்கள்தானே என்று நாங்கள் இருந்துவிட்டோம். முதலில் கடவுளின் தலையில் வைத்தோம். பிறகு நிறுவனத்தின் தலையில் வைத்தோம்.

புனித யோசப் வாஸ் அடிகளை எங்களுக்கு நன்றாகத் தெரியும். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலி முகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்களில் எத்தனையோ பேர் விடிய முன்னரே போய் இடம்பிடித்து நின்றோம். கோவாவிலிருந்து வந்த அந்த மனிதர் 1697இல் கண்டியில் என்ன செய்தார் என்பதைத்தான் அதிகம் கதைப்பதில்லை. நகரத்தில் அம்மை பரவியது. அரசன் முதல் சாதாரண மக்கள்வரை கண்டியை விட்டு ஓடினார்கள், நோய் கண்டவர்களைச் சொந்தக்காரர்களே கைவிட்டார்கள். வாஸ் அடிகளும் அவருடைய மருமகனான யோசப் கர்வாலியோ அடிகளும் ஓடவில்லை. கைவிடப்பட்டவர்களைத் தேடிப்போய்ப் புண்ணைக் கழுவி, கஞ்சி கொடுத்து, இறந்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்தர், கத்தோலிக்கர் என்று பார்க்கவில்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்பதில் அவர்களுக்கு எங்களைவிட நம்பிக்கை குறைவாகவா இருந்திருக்கும்? கடவுள் பார்ப்பது தங்கள் கண்ணால் என்றும், கழுவுவது தங்கள் கையால் என்றும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கைகளும் புல்தான். 1711இல் வாஸ் அடிகள் இறந்துபோனார். அவர் கழுவிய புண்களைப் பற்றி மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு இங்கே நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா போன வருடம் வேலையை விட்டுவிட்டார். படி ஏற முடியவில்லை. விட்டுப்போன இரண்டு மாதச் சம்பளத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்து வருடத்துக்கு மேல் பிந்திய காசு. வாங்கமாட்டேன் என்று மறுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டார். தங்கையின் மகள் வளர்ந்துவிட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். அவளுடைய பெயரை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். இப்போது வியாழக்கிழமைகளில் போகிறேன். கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன், சில நாள் பாடமே நடக்காது, சும்மா இருந்துவிட்டு வருவேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. ஒரு கடனின் முதல் தவணை இது. எங்கள் எல்லோருடைய பேரிலும் அந்தக் கடன் நிற்கிறது.

ஆகவே வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த ஏப்ரல் 21 அன்று எழுந்து நில்லுங்கள், மௌனமாக இருங்கள், அது வேண்டும். அதற்குப் பிறகு வருகிற கிழமையில் ஒருநாள் கொட்டாஞ்சேனைக்குப் போங்கள். திருத்தலத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு உடனே பஸ் ஏறாதீர்கள். பங்குக் காரியாலயத்தில் விசாரித்தால் காயப்பட்டவர்களின் குடும்பங்களைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஒரு வீட்டுக்குப் போங்கள். அடுத்த மாதமும் அதே வீட்டுக்குப் போங்கள். காலையில் போகவேண்டாம், அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு போங்கள், வீட்டில் இருப்பார்கள்.